உள்ளீட்டுக் கூறுகளில் மின் தனிமைப்படுத்தல்

மின் தனிமைப்படுத்தல் என்பது இரு மின்சுற்றுகளுக்கிடையே நேரடிக் கடத்துவழி இல்லாமல் குறிகையை மட்டும் கடத்தும் முறையாகும். பி.எல்.சி. போன்ற தொழிலகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உணரிகளின் குறிகைகளை உள்ளீட்டுக் கூறுகள் வழியே பெறுகின்றன. இக்கூறுகளைக் காப்பதற்கு மட்டுமன்றி, அளவீடு பிழைபடாதிருக்கவும் தனிமைப்படுத்தல் தேவைப்படுகிறது.

கொதிகலனில் அளவீடு

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் 1960களில் தொடங்கப்பட்ட பெல் நிறுவன ஆலை, அனல்மின் நிலையங்களுக்கான உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்கிறது. பெரிய கொதிகலன்களில் நீராவி ஏறத்தாழ 540 °செ. வரை சூடேற்றப்படும். குழாய்ச் சுவரின் வெப்பநிலையை அறிய, தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப மின்னிரட்டைகள் அதன்மேல் பற்றவைக்கப்படுவதுண்டு. இவ்வெப்பநிலையில் கே வகை மின்னிரட்டை தருவது சுமார் 22 மில்லிவோல்ட்டு மட்டுமே. எனவே ஒரு மில்லிவோல்ட்டு மாறினாலே காட்டப்படும் வெப்பநிலை 20 பாகைக்கு மேல் பிழையாகும்.

பற்றவைத்த மின்னிரட்டை குழாயுடன் மின்தொடர்பில் இருக்கும். கொதிகலனின் இரு இடங்களுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்து, இரு தடங்களும் கூறுக்குள் ஒரே பொதுமுனையைப் பகிர்ந்தால், மின்னிரட்டைக் கம்பிகள் வழியே வேண்டாத மின்னோட்டம் பாயும். இது தரைக் கண்ணி எனப்படும். இதனால் வெப்பநிலை குறைவாகக் காட்டப்பட்டால், குழாய் மிகையாகச் சூடாவதை இயக்குநர் அறியமாட்டார். குழாயின் ஆயுளோ விரைந்து குறையும்.

தேர்வு

உணரி எங்கே தரையிணைக்கப்பட்டுள்ளது என்பதே முதற்கேள்வி. மேற்கண்ட நிலையில் ஒவ்வொரு தடமும் மற்றதிலிருந்து தனிமைப்பட்ட கூறு வேண்டும். ஒரே பலகையிலுள்ள 24 வோல்ட்டு ஆளிகளுக்கோ குழுவாகத் தனிமைப்படுத்திய, விலை குறைந்த கூறே போதும்.

விவரப்பட்டியலில் காணும் 1500 வோல்ட்டு போன்ற எண் பெரும்பாலும் ஒரு நிமிடச் சோதனை மின்னழுத்தமாகும்; தொடர்ந்து தாங்கும் அளவன்று. அதுவும் உணரிப் பக்கத்துக்கும் உட்சுற்றுக்கும் இடையிலானதாக இருக்கலாம். தடங்களுக்கிடையே தாங்கும் அளவு சில வோல்ட்டுகளாகவே இருக்கக்கூடும். இது பெரும்பாலும் சிறு எழுத்தில்தான் தரப்பட்டிருக்கும்!

ஆளிக் குறிகைகளை ஒளிப்பிணைப்பி ஒளியாக மாற்றிக் கடத்துகிறது. தொடர்குறிகைகளைப் பெரும்பாலும் தனிமைப்பட்ட பக்கத்திலேயே எண்ணிமமாக்கி, மின்மாற்றி அல்லது மின்தேக்கி வழியே அனுப்புவர்.

நெடுந்தொலைவு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு திருவரங்கம். இவ்விரு ஆற்றுப்படுகைகளிலும் உள்ள கிணறுகளிலிருந்து மாநகரத்துக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. இத்தகைய ஆற்றுக் கிணற்றின் மிதவை ஆளியைக் கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையுடன் செப்புக் கம்பியால் இணைத்தால், அருகில் மின்னல் விழும்போது இரு முனைகளின் தரை மின்னழுத்தமும் ஆயிரக்கணக்கான வோல்ட்டு வேறுபடலாம். ஒளிப்பிணைப்பி மட்டும் இதைத் தாங்காது. இரு முனைகளிலும் மின்னெழுச்சிக் காப்பிகளைப் பொருத்த வேண்டும், அல்லது கம்பிக்கு மாற்றாக உலோகமற்ற ஒளியிழை வடத்தைப் பயன்படுத்த வேண்டும்.