ஒரு பைசா பண்டிதர்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, புத்த மதம் பற்றி எழுதப் போகிறேன் என்று நண்பரிடம் உளறிவிட்டேன்.

"இதோ இருக்கு சித்தன்னவாசல். டவுன் பஸ்லயே போய்ட்டு வந்துரலாமே தம்பி!"

"அது சமணர் குகைண்ணே. நான் போக வேண்டியது ராயப்பேட்டைக்கு."

தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவமனைக்குப் போனவர்கள் போர்டில் ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். அயோத்திதாசப் பண்டிதர். 1845-ல் பிறந்த சித்த வைத்தியர். 1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், 'எங்கள் ஜனங்களைக் கோயிலுக்குள் விடுங்கள்' என்று கேட்டார். முடியாது என்றார்கள்.

நாமாக இருந்தால் மனு மேல் மனு போட்டிருப்போம். அவர் வேறு வழி பார்த்தார். 1898-ல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை போய், சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். இது மதம் மாறுவதல்ல, பூர்வ பௌத்தர்கள் வீடு திரும்புவது என்பது அவர் கட்சி. அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-ல். கழித்துப் பாருங்கள்... 58 வருஷம் முன்னால்!

பி.காம். புத்தி, அடுத்துப் பத்திரிகைக் கணக்கைப் பார்த்தது. 1907-ல் அவர் ஆரம்பித்த வாரப் பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். ஏற்றவே முடியாது! அடுத்த வருஷம் வெறும் 'தமிழன்' ஆனது. சங்கத்துக்குக் கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன் என்று கிளைகள். முதலாளி போனால் கடை படுத்துவிடும் என்பார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்தார். பத்திரிகை பிறகு நின்றது. ஆனால் 1920-களில் அதே 'தமிழ'னைக் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தார்.

"எல்லாம் பழைய கதை தம்பி" என்றார் நண்பர்.

"நம்ம வேங்கைவயல்ல குடிதண்ணித் தொட்டியில மலம் கிடந்தது 2022 டிசம்பர்லண்ணே."

நண்பர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அவரை மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு நிலைக்கவில்லை. முன்பு நான் குப்பை கொட்டிய ஆபீஸ் ஞாபகம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பையனிடம் சீனியர் விசாரித்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"கந்தர்வகோட்டை பக்கம் சார்."

"அங்க எந்தத் தெரு?"

லெட்டர் போடவா கேட்டார்? பையன் தலை குனிந்தது. பக்கத்து ஸீட்டில் லெட்ஜர் புரட்டிக்கொண்டிருந்தவன் நான். 'தெரு எதுக்கு சார்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

கேட்கவில்லை.