தகர டப்பாவும் புத்தகமும்

‘அறிவுப் பசி’ என்ற சொல்லை நாம் ஆண்டு விழா மேடைகளில் தாராளமாகச் செலவழிக்கிறோம். பெரும்பாலும் வயிறார உண்டுவிட்டு வந்து பேசுகிற சொல் அது. உண்மையிலேயே பட்டினி கிடந்தவர் ஒருவர் அதைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் அன்பர்கள், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1945-ல் வெளியிட்ட ‘பிளாக் பாய்’ என்ற தன்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ரைட் 1908-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். குடும்பம் மெம்பிஸ் நகருக்குப் பிழைக்கப் போயிற்று. அங்கே தகப்பனார் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். தாயாருக்கு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. அவர்கள் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பசி எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிறுவனுக்குத் தகப்பனின் நினைவு வரும், கசப்போடு. சோறு இல்லாததும் அப்பா இல்லாததும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. இது ஆசிரியர் தேடிப் பிடித்த உவமை அல்ல. குழந்தைக்கே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

பிறகு சில காலம் அநாதை இல்லம். அதன்பின் பாட்டி வீடு. அங்கே குடியிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் அவனுக்குக் கதை சொல்லத் தொடங்குகிறார். கதையெல்லாம் பிசாசின் வேலை என்று பாட்டி நடுவிலேயே தடுத்துவிடுகிறார். முடிவு தெரியாமல் நின்றுபோன அந்தக் கதைக்காக அவன் ஏங்குவதும் சோற்றுக்கு ஏங்கியதைப் போலத்தான்.

அங்கிருந்து ஆர்க்கன்சாவில் தாயாரின் சகோதரி வீட்டுக்கு ரயிலேறுகிறார்கள். டிக்கெட் ஜன்னலில் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்கு ஒரு வரிசை இருப்பதைச் சிறுவன் முதன்முதலாகக் கவனிப்பது அப்போதுதான். (ரயில்வேயில் காலம் தள்ளிய எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகச் சற்று நேரம் பிடித்தது.) அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இருந்தும் நாளைக் காலையில் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் ரொட்டிகளைச் சட்டைப் பையில் ஒளித்து வைக்கிறான். வயிறு நிறைந்துவிட்டது, பசி போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் இளைஞராக மெம்பிஸுக்குத் திரும்பிய பிறகு வருவது. அங்கே நூலகம் கறுப்பருக்குப் புத்தகம் தராது. உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு, அந்தத் துரைக்காக எடுத்துப் போவதுபோல் தானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போகிறார். அன்று இரவு வாடகை அறையில், அவரை தகர டப்பாவைச் சுடுநீர்க் குழாயின் கீழே பிடித்துச் சூடாக்கிக்கொண்டே, மென்கென் எழுதிய புத்தகத்தைத் திறக்கிறார். இரண்டு பசிகளும் ஒரே குழாயடியில்! டப்பாவோடு வயிற்றுப் பசி அடங்கிவிடும். படிக்கப் படிக்க மற்றது கூடியது. தனக்கு எதெல்லாம் மறுக்கப்பட்டிருக்கிறது என்பது புத்தகங்களைப் படித்த பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது.

1927-ல் சிகாகோவுக்கு ரயிலேறுகிறார். 1945-ல் வந்த நூல் தென்மாநிலங்களை விட்டுக் கிளம்புவதோடு முடிந்துவிட்டது. ஆனால் ரைட் எழுதியது அதுவல்ல. அவர் கொடுத்த கைப்பிரதிக்கு ‘அமெரிக்கன் ஹங்கர்’, அதாவது அமெரிக்கப் பசி என்று பெயர். சிகாகோ வாழ்க்கையும் அதில் இருந்தது. ஒரு பெரிய புத்தகக் கழகம் தெற்கத்திய பாகம் மட்டும் போதும் என்றது. பின்பாதியும் போயிற்று, தலைப்பில் இருந்த பசியும் போயிற்று. அவர் 1960-ல் காலமானார். பின்பாதி முழு நூலாக வந்தது 1977-ல். இரண்டும் சேர்ந்து அவர் எழுதியபடியே வந்தது 1991-ல்.

வெட்டப்பட்ட பாகத்தில் என்ன இருக்கிறது? சிகாகோவில் தபால் இலாகா வேலைக்கு முயல்கிறார். எடை 125 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 57 கிலோ, இருக்க வேண்டும். பல ஆண்டுப் பட்டினி உடம்பு அதை எட்டவில்லை, வேலை கைநழுவுகிறது. வடக்கே வந்தும் தெற்கின் பசி தராசில் ஏறி நிற்கிறது. வேலை தேடி ஊரை விட்டு ரயிலேறி வந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்குகிற அன்பர்கள் இரண்டு பாகங்களும் உள்ள பதிப்புதானா என்று பார்த்து வாங்கவும். பழைய பதிப்புகளில் கதை ரயிலோடு முடிந்துவிடும்.