விலையின்றி வரும் புனைகதையும் தேர்ந்துகோடலும்

பதிப்பகத்தாரை நாடாது எழுத்தாளர் தாமே வெளியிடும் நாவலும் சிறுகதையும் இக்காலத்தே இணையத்தின் வழி விலையின்றியும் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி கற்கத் தகாதது எனப் புலவர் சிலர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எஞ்சிய சிறுபகுதியைத் தேடாது விடுதல் ஆராய்ச்சிக்கு இழப்பாகும். தேடும் நெறி யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆண்டி வெயர் என்னும் அமெரிக்கர் ‘தி மார்சியன்’ என்னும் நாவலைத் தம் இணையத்தளத்திலே அதிகாரம் அதிகாரமாக விலையின்றி வெளியிட்டார். அறிவியல் அறிந்த வாசகர் பிழைகளைச் சுட்ட, அவர் திருத்தி வந்தார். கிண்டில் கருவியில் படிக்க விரும்பினோர் பொருட்டு 2011-இல் அதனை அமேசானில் சேர்த்தபொழுது, அங்கு இயன்ற மிகக் குறைந்த விலையாகிய 99 சென்டு வைத்தார். 2014-இல் கிரவுன் பதிப்பகம் அதனை அச்சில் கொணர்ந்தது. 2015-இல் அது திரைப்படமாயிற்று. ஈண்டு நாம் கருத வேண்டுவது அவர் பெற்ற புகழன்று. பதிப்பாசிரியர் வெளியீட்டுக்கு முன் செய்யும் பணியை வெளியீட்டுக்குப் பின் வாசகர் செய்தனர் என்பதே. ஆதலின், விலையிலா நூல்களுள் நல்லதைத் தேடுவோர் முதலில் நாட வேண்டுவது நூற்பட்டியலை அன்று. குறை கூறும் வாசகரையே. விண்மீன் குறியிட்டுப் புகழ்வோருள் ஆசிரியரின் நண்பரும் சுற்றத்தாரும் பலராதல் கூடும். இன்ன அதிகாரத்தில் கதை தளர்ந்தது என்று எழுதும் ஒருவர் நூலை முற்றப் படித்தவர். அவர் பாராட்டும் நூலை நம்பித் திறக்கலாம்.

திறந்தபின் தமிழ் பயின்றோர்க்கு ஓர் இடர் நேர்கின்றது. ஒற்றுப்பிழை இரண்டு கண்ட அளவிலே நூலை மூடிவிடும் வழக்கம் நம்மிடை உண்டு. ஒற்றுப்பிழை மெய்ப்புத் திருத்துவோர் இன்மையைக் காட்டுமேயன்றிக் கற்பனை இன்மையைக் காட்டாது. முதற்பக்கத்தைப் பன்முறை செப்பனிடாத ஆசிரியர் அரியர்; ஆகவே இடையில் ஒரு பகுதியைப் படித்தல் நன்று. அங்கே மாந்தர் தத்தம் நிலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பேசுகின்றனரா, அன்றி அனைவரும் ஆசிரியர் குரலிலேயே பேசுகின்றனரா என்பது விளங்கிவிடும். அட்டைப்படத்தைப் பற்றிக் கூறாது விடுவதே நன்று.

இனி, விலையின்மையும் ஒருதன்மைத்தன்று. அமேசானின் ஒரு திட்டத்திலே, நூலை அங்கு மட்டுமே மின்னூலாக வெளியிட இசைந்த ஆசிரியர் 90 நாள்களுள் 5 நாள் அதனை விலையின்றித் தரலாம். அது விளம்பரத்தின்பாற்பட்டது. 2013-இல் தொடங்கிய ‘ஃபிரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்திலோ, ஆசிரியர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ்த் தம் நூலை வழங்குகின்றனர். அவ்வுரிமம் படியெடுக்கவும் பிறர்க்கு அளிக்கவும் இடந்தருகின்றது. 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களையே பெரிதும் பேணுவதாதலின், அது வேறு வகையினது.

இவ்வேறுபாடு ஆராய்ச்சி மாணவர்க்கு இன்றியமையாதது. தாமே வெளியிடுவோர் தம் நாவலை இன்று திருத்தி நாளை மாற்றலாம். முன்னைய பாடம் சுவடின்றி மறையும். தளத்துக்குரிய ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாவிடின் நூலே மறையும். ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளைத் தொகுத்த துறை, தன் காலத்து நூலின் இரு பாடங்களுள் ஒன்றையேனும் காவாதிருத்தல் வியப்பே. ஆய்வுக்கு எடுத்த நூலைப் படியெடுத்த நாளைக் குறித்தல் வேண்டும். உரிமம் இடந்தரின் துறை நூலகத்திலும் ஒரு படி வைத்தல் வேண்டும். உரிமம் இல்வழி ஆசிரியர்க்கு எழுதி இசைவு பெறலாம். சங்க நூல்களைப் பதிப்பித்தோர்க்கு அவ்வாறு கேட்டறியும் வாய்ப்பு இருந்ததில்லை.