பிறவி மச்சம்: காத்திருக்கலாமா?

குழந்தையின் உடலில் மச்சத்தைக் கண்டதும், “கிரகணத்தன்று வெளியே வந்தாயா?” என்று தாயைக் கேட்பது இன்றும் நிற்கவில்லை. கிரகணமோ, தாய் உண்ட உணவோ இதற்குக் காரணமன்று.

இடுப்பின் கீழும் புட்டத்திலும் தோன்றும் நீலச் சாம்பல் நிறத் தடம் நம் குழந்தைகளிடம் மிக இயல்பானது. அடிபட்ட கன்றல் போலத் தெரிந்தாலும் வலி இராது. பெரும்பாலும் பள்ளி வயதுக்குள் மங்கிவிடும். சிகிச்சை தேவையில்லை.

பிறந்தபோது இல்லாமலோ மங்கலான புள்ளியாகவோ இருந்து, சில வாரங்களில் சிவந்து புடைத்து வளர்வது இரத்தக்குழாய்க் கட்டி. இது புற்றுநோயன்று. முதல் ஐந்து மாதங்களில் விரைந்து வளர்ந்து, பின்னர் சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். அதனால், “ஒரு வயது ஆகட்டும், தானே போய்விடும்” என்கின்றனர். சில வேளை மருத்துவர்களும். சிறிய கட்டி முதுகில் இருந்தால் அது சரி. கண்ணிமை, மூக்கு நுனி, உதடு ஆகிய இடங்களில் இருந்தால் காத்திருத்தல் தவறு. இமைக் கட்டி கண்ணை மறைத்தால், அக்கண்ணின் பார்வை வளர்ச்சியே தடைப்படும். உடலில் ஐந்தோ அதற்கு மேலோ கட்டிகள் இருப்பின் கல்லீரலையும் ஸ்கேன் செய்து பார்ப்போம்.

இதய நோய்க்குரிய புரோப்ரனோலால் இக்கட்டிகளைச் சுருக்குவதை 2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டனர். வளரும் பருவத்திலேயே தொடங்கினால் பயன் மிகுதி. பாலூட்டிய பின்னரே இம்மருந்தைக் கொடுக்க வேண்டும்; வெறும் வயிற்றில் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை குறையக்கூடும்.

நெற்றியிலும் மேலிமையிலும் பிறவியிலேயே தட்டையான செந்நிறத் தடம் இருந்தால், கண் அழுத்தத்தைச் சோதிப்பது அவசியம். வலிப்பு வருகிறதா என்றும் கவனியுங்கள்.

வாரம் ஒருமுறை, மச்சத்தினருகே ஓர் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். வளர்வதாகத் தெரிந்தால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் அப்படங்களுடன் வாருங்கள்.