ஒயின் தோட்டம் இல்லை, இறாலும் பதநீரும் உண்டு: வெள்ளானூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் கலீசியா என்றொரு கடலோரப் பகுதி இருக்கிறது. கடல் நிலத்துக்குள் நீண்டு வரும் கழிமுகங்கள், கரையோரம் திராட்சைத் தோட்டங்கள், தட்டில் சிப்பியும் மீனும், கையில் அல்பரீனியோ என்கிற வெள்ளை ஒயின். கம்பாடோஸ் என்ற ஊரில் 1953 முதல் இந்த ஒயினுக்கென்றே ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. இந்தக் காட்சிகளை ரீல்ஸில் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துல இப்படி ஓர் இடம் இல்லையாப்பா?" என்று கேட்பவர்கள் ஆவடி, வெள்ளானூர் வட்டாரத்திலும் உண்டு.

திராட்சைத் தோட்டம் இல்லைதான். தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து கடலுக்கு வெகுதூரம். ஆனால் கழிமுகமும் மீனும் பழைய கல்லறைகளும் பனை மரங்களும் சேர்ந்த ஓர் ஊர் வெள்ளானூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதுதான் பழவேற்காடு.

எப்படிப் போவது?

சொந்த வண்டி என்றால் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர், பிறகு பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. ரயில் என்றால் ஆவடியில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வரை போகலாம். அங்கிருந்து பேருந்து, ஷேர் ஆட்டோ உண்டு. காலை 6 மணிக்குள் கிளம்புவது நல்லது. மீன் இறங்கும் நேரத்தைத் தவறவிட்டால் பாதிப் பயணம் போச்சு.

அப்படி என்ன இருக்கிறது?

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து பெரியது பழவேற்காடு ஏரி. ஆரணி, காளாஸ்திரி பக்கங்களிலிருந்து வரும் ஆறுகளின் நன்னீரும் வங்கக் கடலின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும்தான் நம்முடையது.

ஊருக்குள் போனால் வரலாறு. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து கப்பலேறிய துணிக்கு அத்தனை மவுசு. மலாய் மொழியில் கைலியை இன்றும் 'பெலிக்கட்' என்கிறார்கள். அது பழவேற்காட்டின் பெயர்தான். துணியோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

என்ன சாப்பிடலாம்?

இறால், சேற்று நண்டு, மடவை, கிழங்கான். இவைதான் ஏரியின் சொத்து. பெரிய ஓட்டல்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இறங்குதளத்தில் மீன் வாங்கி, சின்ன மெஸ்ஸில் முன்கூட்டியே சொல்லிச் சமைத்துத் தரச் சொல்வதே நல்ல வழி. நண்டு வாங்கும்போது உயிரோடு இருக்கிறதா, கையில் கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி நண்டும் வேண்டாம். அவற்றை விட்டால்தான் அடுத்த ஆண்டும் நண்டு கிடைக்கும்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை போட முடியாது. 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. நல்ல இறால் கிடைக்கும் இடங்களைப் பங்கு பிரித்து, இன்று இவர் முறை, நாளை அவர் முறை என்று மாறி மாறி வலை போடுவார்கள். ஒரே ஆள் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பாட்டில் பங்கு எல்லோருக்கும் கிடையாது. ஏரியில் வருமானம் குறையக் குறைய, பங்கு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே உரசல் வருவதும் உண்டு.

ஒயினுக்குப் பதில் என்ன?

பனைதான். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே வேலைதான். என்ன, அதற்கு நாள்கணக்கு ஆகும்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஏரியின் ஆந்திரக் கரையிலோ, கேரளத்திலோ அப்படித் தடை கிடையாது. கேரளத்தில் கள்ளுக்கடைக் கறிக்காகவே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஒரே ஏரி, இரண்டு சட்டம். "அந்தப் பக்கம் போய் ஒரு கேன் வாங்கிட்டு வரலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், அது வழக்கில் முடியும். உள்ளூரில் மறைத்து விற்கும் எதையும் தொடவே கூடாது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தது நினைவிருக்கட்டும்.

பதநீரும் நுங்கும் கோடையில்தான். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். பனை தருவது குடிக்க மட்டுமல்ல; பழவேற்காட்டுப் பெண்கள் குருத்தோலையில் சாயமேற்றிக் கூடை, பெட்டி முடைகிறார்கள். வீட்டுக்கு வாங்கிப் போக இதைவிட நல்ல பொருள் இல்லை.

எப்போது போவது?

பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை. பதநீர் வேண்டுமானால் மார்ச்சுக்குப் பிறகு. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைப்பது கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடல் மீன் விலை கூடும். ஏரியில் சிறு படகுகள் வழக்கம்போல் போகும். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களிலும் புயல் எச்சரிக்கை இருக்கும்போதும் போகவே வேண்டாம்.

படகில் போகலாமா?

கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் கூட்டமொன்று படகில் ஏறியது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்படியும் "சும்மா ஒரு ரவுண்டு சார்" என்று யாராவது கூப்பிடலாம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடுமையாக இழுக்கும். மீன் பிடிக்கிற படகு மீன் பிடிக்கத்தான். ஆட்களை அடுக்கிக்கொண்டு போவதற்கில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே ஏரிதான்.

ஏரிக்கு என்ன ஆபத்து?

கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரம் மணலால் அடைபடுவதே முதல் பிரச்சினை. அது அடைந்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு கடலுக்குப் போகாது. நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. இருபுறமும் கற்சுவர் எழுப்பும் திட்டத்தை அரசு கையில் எடுத்தது அதனால்தான். தெற்கே காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தையும் அவர்கள் எதிர்த்துவருகிறார்கள். கரை அரிப்பு கூடும் என்பது அவர்களின் அச்சம்.

இதில் ஒரு நாள் வந்து போகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்றாலும், செய்ய முடியும். மீனை இடைத்தரகரிடம் வாங்காமல் கரையில் வாங்குவது. அதிகம் பேரம் பேசாமல் இருப்பது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவருவது. பறவைகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்கக் கல்லெறியாமல் இருப்பது. பாட்டிலைத் திறந்து கரையில் உட்காராமல் இருப்பது. அங்கே வலை பின்னுகிறவர்களுக்கு அது வீட்டு முற்றம்.

மாலை 4 மணிக்குக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் வெளிவட்டச் சாலையைப் பிடித்துவிடலாம். கருப்பட்டி கிடைத்தால் ஒரு வட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக் காபிக்கு ஆகும்.