பத்து மோட்டார், பதினாறு இலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக் கடைகளின் இரும்புக் கதவுகள் இன்னும் திறந்திருக்கமாட்டா. பூக்காரர்கள் மட்டும் வாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக் கடை ஓரமாக மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து நிற்கும். கிள்ளானிலிருந்து நாலு, ரவாங்கிலிருந்து மூன்று, பிரிக்பீல்ட்சிலிருந்து இரண்டு, பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒன்று. பசியாறிவிட்டு, "எங்கேடா போகலாம்?" என்று அப்போதுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்!

இங்கேதான் வம்பு ஆரம்பம். கூட்டமாகச் சேர்ந்து மோட்டாரில் ஊர் சுற்றப் போவது நல்ல காரியம். ஆறு நாளும் பால்மரத்தோடும் செம்பனையோடும் மல்லுக்கட்டுகிற மனிதனுக்கு ஒரு நாள் மலையையோ கடலையோ பார்க்க ஆசை வராதா? கார் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கும் ஒரு 'கப்சாய்' இருக்கிறது. நெடுஞ்சாலைகளிலும் மோட்டாருக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போகிறோம் என்பதைப் புறப்படுகிற இடத்தில் நின்று தீர்மானிப்பது சரியல்ல. நம் நாட்டுச் சாலைகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். இத்தனை இருந்தும் இந்த நிலை.

என்னைக் கேட்டால், பயணத் திட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து போட வேண்டும். முதலில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். பிறகு மதியச் சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் எந்த மலை, எந்தக் கடற்கரை என்ற பேச்சு. காரணம் மழைதான். கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் பல மாதங்களில் பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் நாம் வளைவுச் சாலையில் இருக்கக்கூடாது.

மேட்டு வழி

நம் இளைஞர்கள் அதிகம் விரும்புவது கோல குபு பாரு வழியாகப் பிரேசர் மலைக்குப் போகும் பாதை. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து பத்துமலை, அங்கிருந்து பத்து அணைக்கட்டை ஒட்டிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து உலு யாம், பிறகு பத்தாங் காலி, அப்புறம் கோல குபு பாரு. சுமார் 65 கிலோமீட்டர். அங்கிருந்து மேலே இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை.

உலு யாம் பாதை அழகானது. அதே அளவுக்கு ஆபத்தானது. ஞாயிறு காலையில் பெரிய மோட்டார்கள் அங்கே பந்தயம் போல் பறக்கும். நம் 100 சிசி வண்டி, பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது அவர்களோடு போட்டி எதற்கு? இடது ஓரமாக, நம் வேகத்தில் போவோம்.

கோல குபு பாரு சின்னப் பட்டணம்தான். ஆனால் பெரிய கதை உள்ள ஊர். பழைய குபு, ஆற்றங்கரையில் இருந்தது. 1883-இல் மேலே இருந்த பழைய அணை உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. அன்றைய வெள்ளைக்கார அதிகாரியும் மடிந்தார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த கோபம் என்று ஊரார் கதை சொல்வதுண்டு. பிறகும் வெள்ளம் ஓயாததால் ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். அதனால்தான் பெயரில் 'பாரு', அதாவது 'புதிது' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊரைத் தாண்டியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் மலை சூழ நீர்த்தேக்கம் தெரியும். அது சிலாங்கூர் ஆற்றுக்குக் குறுக்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அணை. அதற்காகத் தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் குடியிருப்புகளை விட்டு இடம் மாற வேண்டியதாயிற்று. லயத்தைக் காலி செய்துவிட்டுப் போன அனுபவம் உள்ள நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இன்னும் மேலே ஏறினால், 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்ற சாலை இதுதான். அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் இருந்த நம் பாட்டன் பாட்டிகளின் வாழ்க்கையிலும் அந்தச் செய்தி பெரிய செய்தி. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பள்ளிப் பாடத்தில் படிப்பதைவிட அந்த வளைவில் நின்று கேட்டால் மனத்தில் நிற்கும். (ஆசிரியர் புத்தி எங்கே போகும்!)

பிரேசர் மலையில் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நம் வண்டித் தொட்டி நாலு லிட்டர் பிடித்தால் அதிகம். கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே போகும் பாதைகளில் ஒன்று மண்சரிவால் அவ்வப்போது மூடப்படுவதுண்டு. முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். தொடர்ந்து சில நாள் கனமழை பெய்திருந்தால் மலைப் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, பத்தாங் காலி - கெந்திங் சாலையோரத்தில் கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 உயிர்கள் போனதை மறந்துவிட முடியுமா?

இறங்கும்போது இன்னொரு விஷயம். எண்ணெய் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறி, அவசரத்துக்குப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடு? மலையேறும் முன் வயிறு நிறையச் சோறு வேண்டாம். காலையில் ரொட்டி சானாயோ இட்டிலியோ போதும். இறங்கி வந்து, கோல குபு பாருவில் பகல் ஒரு மணிக்கு இலை போடுங்கள். சாப்பிட்டதும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள். சோற்று மயக்கம் சாராய மயக்கத்துக்குக் குறைந்ததல்ல. அந்த இன்னொரு மயக்கத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பயணத்தன்று ஒரு போத்தல்கூட எவர் பையிலும் இருக்கக்கூடாது.

கடையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. உலு யாம் என்றால் 'லோ மீ' என்பார்கள். ஆனால் கூட்டத்தில் முஸ்லிம் நண்பர் இருந்தால் அந்தக் கடையில் அவர் தேநீர்கூடக் குடிக்கத் தயங்குவார். புரட்டாசி மாதத்தில் பாதிப் பேர் சைவம். நோன்பு மாதத்தில் ஒருவர் பட்டினி கிடக்க மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து கோழி கடிப்பது அழகா? எல்லாரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய கடையாகப் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம் போட்ட வாரமே வசூலித்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், கையில் காசில்லாத தம்பி 'எனக்குப் பசிக்கவில்லை' என்று வெளியே நிற்க வேண்டி வராது. பத்துப் பேருக்கு மேல் என்றால் முதல் நாளே கடைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அந்த இலைக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பழைய மாணவன் ஒருவன் சொன்னது. இரண்டு ஆண்டுக்கு முன் பத்து மோட்டாரில் பதினாறு பேர் இதே பாதையில் போனார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்ற ஏற்பாடு இல்லை. கோல குபு பாருவில் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி கடைக்காரர் பதினாறு இலை போட்டார். உட்கார்ந்தவர்கள் பதினான்கு பேர்! அப்போதுதான் ஒரு வண்டி வரவில்லை என்பதே தெரிந்தது. உலு யாம் ஏற்றத்தில் அந்த வண்டியின் சங்கிலி அறுந்துவிட்டது. ஓட்டியவனும், ஐந்து மாதக் கர்ப்பிணியான அவன் மனைவியும் காட்டோரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. நல்லவேளை, காய்கறி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி உதவினார். "எங்களை யாரும் தேடவில்லையே என்பதுதான் சார் அவளுக்கு அழுகையாக வந்தது" என்றான்.

ஆகவே பாதை தெரிந்தவர் ஒருவர் முன்னால். வண்டி பழுது பார்க்கத் தெரிந்த நிதானமான ஒருவர் கடைசியில். கடைசி ஆள் யாரையும் முந்தவே கூடாது. ஆகச் சின்ன வண்டியும் புதிதாக ஓட்டுகிறவரும் தலைவருக்கு அடுத்தபடி. அப்போது கூட்டத்தின் வேகம் அவர்களுடைய வேகமாகிவிடும். ஒவ்வொருவரும் கண்ணாடியில் தனக்குப் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் ஓரமாக நிற்க வேண்டும். அவர் நின்றால் முன்னால் போகிறவரும் நிற்பார்; இப்படியே செய்தி தலைவர் வரை போய்விடும். எட்டுப் பத்து வண்டிக்கு மேல் சேர்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுங்கள்.

தாய்மார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சாபி உடையின் துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் கழுத்தையே இழுத்துவிடும். காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு பேர்தான். அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று தோட்டத்துக்குள் கடைக்குப் போகிற பழக்கமே தப்பு. மலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடலோர வழி

குடும்பமாகப் போகிறவர்களுக்கும் முதல் தடவை போகிறவர்களுக்கும் நான் சொல்வது இந்த வழி. ஏற்றமில்லை, இறக்கமில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று 1970-களில் போட்ட தனித்தடத்தில் கிள்ளான், அங்கிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் தடத்தை மறித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது மட்டும் வேண்டாம். வேகமாக வருகிறவனுக்கு இருட்டில் நிற்பவர் தெரியமாட்டார். எண்ணெய்க் கடையிலோ ஒட்டுக்கடையிலோ ஒதுங்குங்கள். காப்பார் சாலையில் லாரிகள் அதிகம். அதை எட்டு மணிக்குள் கடந்துவிட்டால் நல்லது.

காப்பாரிலிருந்து ஜெராம் வரை, பெரியவர்கள் யாராவது பின்னால் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். "இங்கேதான் எங்க லயம்" என்பார்கள். நமக்கு வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும்தான் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்விட்ட நிலம். கோயில் மட்டும் எங்காவது நிற்கும். அங்கே பத்து நிமிடம் நிறுத்துங்கள். திட்டத்தில் அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்தே போடுங்கள்.

கோல சிலாங்கூரில் புக்கிட் மலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். சுல்தான் இப்ராகிம் திரும்பப் பிடித்தார். பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றின் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம்! பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். கீழே ஓடுகிற ஆறு எது தெரியுமா? கோல குபு பாரு அணையில் பார்த்த அதே சிலாங்கூர் ஆறுதான்; இங்கே கடலில் கலக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பாடு பிரசித்தம். விலையைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். மீனும் நண்டும் எடைக் கணக்கில் போடுவார்கள். செகிஞ்சான் வயல் இன்னும் முப்பது கிலோமீட்டர் வடக்கே. பதினொரு மணிக்குள் கோல சிலாங்கூரை முடித்திருந்தால் மட்டும் போங்கள்.

கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்காமல் வருவதா என்று இளசுகள் அடம் பிடிப்பார்கள். அது இருட்டிய பிறகு பார்க்கிற காட்சி. பார்த்துவிட்டு இரவில் 80 கிலோமீட்டர் களைப்போடு வருவதை நான் ஒப்பமாட்டேன். இன்னொரு நாள் வேன் பிடித்துப் போகட்டும்.

புறப்படும் முன் பெயர், வண்டி எண், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் எழுதிய பட்டியலில் ஒரு படி தலைவரிடம், ஒரு படி கடைசி ஆளிடம், ஒரு படி வீட்டில் இருக்கிற ஒருவரிடம் இருக்கட்டும். கடையில் இலை போடும்போது பட்டியலைப் பார்த்து ஆளை எண்ணுங்கள். திரும்பி வந்ததும் புலனக் குழுவில் ஒவ்வொருவரும் 'வந்தாச்சு' என்று போட வேண்டும். பத்து வண்டிக்கும் பத்து 'வந்தாச்சு' வந்து சேரும் வரை தலைவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்திருக்கட்டும்.