பயிற்சியாளர் செய்தது தவறா? எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்

2009 நவம்பர் 15. அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 34-28 என முன்னிலை. மீதி சுமார் இரண்டே நிமிடம். கடைசி முயற்சியில் இன்னும் 2 கெஜம் முன்னேற வேண்டும். இந்த நிலையில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடுவதுதான் வழக்கம். பயிற்சியாளர் பில் பெலிசிக் உதைக்கச் சொல்லவில்லை. முயற்சி தோற்றது, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 35-34 என வென்றது. ரசிகர்களும் எழுத்தாளர்களும் பெலிசிக்கை வறுத்தெடுத்தனர்.

புள்ளிவிவர ஆய்வாளர் பிரையன் பர்க் கணக்குப் போட்டார். முயற்சி பலிக்க வாய்ப்பு 60 சதவீதம். பலித்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். தவறினால் கோல்ட்ஸ் வெல்ல 53 சதவீதம், உதைத்திருந்தால் 30 சதவீதம்.

எக்ஸெலைத் திறந்து ஒரு செல்லில் =0.6+0.4*0.47 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0.788 என வரும். உதைத்திருந்தால் 0.70 தான்! 0.6, 0.4 இரண்டையும் 0.44, 0.56 என மாற்றுங்கள். அப்போதும் 0.70க்குக் கீழே இறங்காது.

"எதிரணியில் பேட்டன் மானிங் ஆயிற்றே" என்கிறீர்களா? 53ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் உதைத்தாலும் ஆடப்போவது அதே மானிங்தான். 30ஐயும் ஏற்ற மறக்காதீர்கள்.